தபால்தலைக்கு நான் எழுதிய ஒரு சொல்

சரவணக்குமார் போனில் கேட்டது சின்ன உதவிதான். ஓய்வு பெற்றபோது நான் விட்டு வந்த தபால்தலைப் பிரிவை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நம் பக்கத்தில் சிதைந்துகொண்டிருக்கும் பழைய கற்கோயில்கள், கல்வெட்டுப் பாறைகள், கண்மாய் மடைகள் இவற்றின் மேல் மக்களின் பார்வை திரும்புவதற்காக வரிசையாகத் தபால்தலைகளும் சிறப்பு உறைகளும் வெளியிடப் போகிறார்களாம்.

"நீங்க அந்தக் காலத்துல போட்ட உக்காந்தசாமி உறைதான் சார் எங்களுக்கு மாதிரி. வாசகம் எப்படி எழுதணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம தபால் கோட்டப் பத்திரிகையில போட்டுருவோம். புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை 'அந்தக் காலம்' ஆக்கிவிட்டாரே என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த உறையை யாரும் மாதிரியாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஏன் கூடாது என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். உட்கார்ந்தவன் எழுந்து அந்தச் சாமி இருந்த ஊருக்குப் போய்வர வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் இந்தத் தாமதம். இரண்டு பக்கத்திலும் இது அடங்காது.

நான் அருப்புக்கோட்டைக்காரன். அப்பாவுக்கு பஜாரில் வத்தல், மல்லிக் கடை. கடைக்கு நான் வருவேன் என்று அவர் எதிர்பார்த்தார். நான் வரலாறு படித்துவிட்டுத் தபால் துறைத் தேர்வு எழுதினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எடை போடுவது, முத்திரை குத்துவது, வாடிக்கையாளரிடம் எரிந்து விழாமலிருப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் சொன்னது எனக்குச் சரியாக வரவேயில்லை. பாலவனத்தம், மல்லாங்கிணறு, திருச்சுழி என்று இந்தக் கரிசல் காட்டைச் சுற்றியே என் உத்தியோகம் கழிந்தது.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் இருந்தபோது நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு சம்சாரி, காட்டு வேலையிலிருந்து நேராக, தபால்தலை வாங்க வந்தார். சாமி படம் போட்ட தலையைக் கிழித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இது வேணாம் சார். வேற குடுங்க."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"பெருமாளு நல்லாத்தான் இருக்காரு. நான் அவுக முதுகுல எச்சியத் தொட்டு ஒட்டணும். நீங்க அவுக மூஞ்சியில நங்குநங்குன்னு குத்தணும். நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்கு சார் அந்தப் பாவம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பறவைப் படம் போட்ட தலையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, "இது கருடன் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் நாக்கை நீட்டினார்.

எனக்குத் தபால்தலையில் இருப்பது படம். அவருக்கு அது ஆள். அந்த வேறுபாட்டை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதை ஒரு வேடிக்கைக் கதையாக வைத்துக்கொண்டு, போன இடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்ததுதான் நான் செய்தது.

கல்லூரி நாளிலிருந்தே தபால்தலை சேர்ப்பவன் நான். எகிப்தில் நைல் நதிக்குக் குறுக்கே பெரிய அணை கட்டியபோது, மூழ்கவிருந்த பழங்கோயில்களைக் காப்பாற்றச் சொல்லி உலக நாடுகள் பலவும் தபால்தலை வெளியிட்டன. என் சேகரிப்பில் அவற்றுக்குத் தனி இடம் உண்டு. பல தலைகளில் ஒரே காட்சிதான். முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருக்கும் கல் அரசர்கள், அவர்கள் காலடியில் ஏறி வரும் தண்ணீர். மலையைக் குடைந்து செய்த அந்தக் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, மேட்டில் கொண்டுபோய் மறுபடி அடுக்கினார்கள். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய காகிதங்கள் மலையை நகர்த்த உதவியிருக்கின்றன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அப்படி ஒரு தலை என் கையாலும் வெளிவர வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அந்த ஆசையில் தவறில்லை. அது எந்த அளவுக்குப் போனது என்பதில்தான் தவறு.

ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருக்கும்போது அந்த வாய்ப்பு வந்தது. தபால்தலைக் கண்காட்சிக்காக ஒரு பழஞ்சின்னத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் படத்தோடு தபால்தலையும் சிறப்பு உறையும் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. உறை என்றால் முன்பக்கம் படம், பின்பக்கம் விளக்க வாசகம், வெளியிடும் நாளன்று மட்டும் குத்தும் தனி முத்திரை. முத்திரை தபால்தலையின் மூலையில் ஏறி, மீதி உறையில் விழ வேண்டும். படத்தின் முகத்தில் விழுந்தால் சேகரிப்பவர்கள் வாங்க மாட்டார்கள். ஓங்கிக் குத்தவும் கூடாது. ஓரத்தை முதலில் வைத்து மெல்ல உருட்டி எடுக்க வேண்டும். அதற்காகவே பழைய உறைகளில் நாள்கணக்கில் பழகினேன்.

எங்கள் கண்காணிப்பாளர் தனி மாதிரியான மனிதர். யார் எதை எழுதிக்கொண்டு போனாலும் எழுந்து நின்றுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் எல்லாமே சரியாக இருப்பதுபோல் தோன்றிவிடும் என்பார். ஏற்ற இறக்கம் இல்லாமல் தந்தி வாசிப்பதுபோல் சத்தமாக வாசிப்பார். நாம் ஆசையாக எழுதிய அலங்காரமெல்லாம் அந்தக் குரலில் உதிர்ந்துவிடும். சந்தேகப்பட்ட சொல் வந்தால் நிறுத்தி, கோபம் இல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்தச் சொல்லுக்கு யார்யா பொறுப்பு?" யாராவது 'நான்' என்று சொன்னால்தான் அடுத்த சொல்லுக்குப் போவார்.

நான் தேர்ந்தெடுத்த சின்னம் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. கண்மாய்க் கரையை ஒட்டிய காட்டில், கூரை ஏதும் இல்லாமல் ஒரு சமணத் தீர்த்தங்கரர் சிலை. சம்மணம் போட்டு, மடியில் கைமேல் கை வைத்து, உள்ளங்கையை விரித்து உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்களுக்கு அவர் உக்காந்தசாமி. சிலைக்குப் பக்கத்திலேயே சவுடு மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரிகள் போய்வந்து போய்வந்து, பள்ளம் சிலையின் பீடத்தை நெருங்கிவிட்டது. என் எகிப்தியத் தபால்தலைகளில் தண்ணீர் ஏறி வந்ததைப்போல இங்கே பள்ளம் ஏறி வந்தது. இரண்டிடத்திலும் உட்கார்ந்த கோலம்தான். பார்த்த மாத்திரத்தில் என் தபால்தலை இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

படம் எடுக்கப் போன அன்று ஒரு பெண்மணி சிலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பெயர் வேலம்மாள். புருசன் இல்லாதவர், கொஞ்சம் பருத்திக் காடு உண்டு. சிலையைக் கழுவி வேட்டி மாற்றும் வழக்கம் அவர் வாக்கப்பட்ட வீட்டுக்கு உரியது.

"எந்த ஊரு சார்?"

"அருப்புக்கோட்டை. தபாலாபீஸ்."

"ஆருக்கு மணியார்டர்?"

"உக்காந்தசாமிக்குத்தான்" என்றேன்.

"அப்பிடியா? அனுப்புனது ஆரு? இவுகளுக்கு வெளியூர்ல சொந்தம் இருக்குன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாதே!" என்று சிரித்தார்.

விசயத்தைச் சொன்னேன். தபால்தலையில் படம் வந்தால் நாலு பேருக்குத் தெரியும், மண் அள்ளுவது நிற்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இருங்க, புது வேட்டி கட்டிவிடுறேன். மாப்ளயாட்டம் இருப்பாக."

அப்போது சிலையின் இடுப்பில் மஞ்சள் கரை வேட்டி இருந்தது. நெற்றியில் சந்தனம். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கியது. விரித்த உள்ளங்கையில் ஒரு கைப்பிடிப் பருத்தி. அந்த ஊரில் யார் காட்டில் பருத்தி வெடித்தாலும் முதல் எடுப்பை அந்தக் கையில்தான் கொண்டுவந்து வைப்பார்கள். வாங்கிக்கொள்ளத்தான் அவர் கையை விரித்திருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

நான் சொன்னேன்: "புதுசு வேண்டாம்மா. இருக்கிற வேட்டியையும் எடுத்துடுங்க. எண்ணெய், சந்தனம் எல்லாத்தையும் கழுவிடுங்க. கையில இருக்கிற பருத்தியும் வேண்டாம்."

அவர் சிரிப்பு போய்விட்டது. "வேட்டி இல்லாமலா?"

"பழைய சிலைன்னு பாத்ததும் தெரியணும். அப்பத்தான் காப்பாத்தணும்னு தோணும்."

"அப்பிடி நாங்களே அவுகளப் பாத்ததில்ல சார். வேட்டி மாத்தயில கண்ண இறுக்க மூடிக்கிட்டுத்தான் மாத்துவோம். எங்க மாமியா அப்பிடித்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாக."

கரைக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று உறுமிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. வேலம்மாள் அந்தப் பக்கம் பார்த்தார்.

"லாரி வாரது நின்னுரும்ல?"

"நின்னுரும்."

கண்ணை மூடிக்கொண்டார். கையால் தடவித் தடவி வேட்டியை அவிழ்த்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்து எண்ணெயைக் கழுவினார். பருத்தியை எடுத்துத் தன் முந்தியில் முடிந்துகொண்டு, விலகிப் போய் முதுகைக் காட்டி நின்றார். நான் வெயில் சாய்வதற்காகக் காத்திருந்து காத்திருந்து எடுத்தேன். "ஆச்சா சார்? கட்டிவிடவா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒண்ணும்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

படம் அற்புதமாக வந்தது. வெறுங்கையை ஏந்தி, பள்ளத்தின் விளிம்பில், யாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கல் உருவம்.

வாசகத்தை முதலில் 'ஊர் மக்களால் வணங்கப்பட்டுவரும் தொன்மையான சிற்பம்' என்றுதான் எழுதியிருந்தேன். கண்காணிப்பாளர் எழுந்து நின்று வாசித்தார். வணங்கப்பட்டுவரும் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"படத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே. பூசை நடக்குதா?"

நடக்கிறது, நான்தான் கழுவச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் படத்தை மாற்று என்பார். அவர் அப்படிப்பட்டவர்.

"எப்பவாவது சார். பெரிசா ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்ப இருக்கிறதை இருக்கிறபடி எழுது."

என் இருக்கைக்குத் திரும்பி அந்தச் சொற்றொடரை அடித்தேன். அந்த இடத்தில் 'கேட்பாரற்றுக் கிடக்கும்' என்று எழுதினேன். சட்டென்று வந்து விழுந்தது. படத்துக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். மறுபடி கொண்டுபோனேன். வாசித்தார். கேட்பாரற்று என்ற சொல்லில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இந்தச் சொல்லுக்கு யார்யா பொறுப்பு?"

"நான் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்மேல் இதில் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

தபால்தலையும் உறையும் வெளியானபோது நல்ல பெயர் கிடைத்தது. வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் எழுதிக் கேட்டு வாங்கினார்கள். செய்தித்தாள்களில் படம் வந்தது. மண் அள்ளுவது நின்றது. இதை நான் மறைக்க வேண்டியதில்லை, உண்மையிலேயே நின்றது. வேலம்மாள் பஸ் கண்டக்டரிடம் ஒரு பை துவரை கொடுத்தனுப்பினார். நான் சேகரித்த எகிப்தியத் தலைகளுக்குப் பக்கத்தில் என் தபால்தலையையும் ஒட்டி வைத்தேன்.

அடுத்து வந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் என்னை அந்த ஊருக்கு வரச் சொன்னார்கள். பாதுகாப்பில்லாமல் கிடக்கும் சிலையை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக உத்தரவாகியிருந்தது. இடம் தெரிந்தவன், எழுதியவன் என்பதால் நானும் உடனிருக்க வேண்டும். போனபோது சிலையை ஏற்ற ஒரு லாரி வந்து நின்றிருந்தது. வைக்கோலும் கயிறும் தயாராக இருந்தன. ஊரே கூடியிருந்தது.

"காப்பாத்துங்கன்னுதானே கேட்டோம். கொண்டு போங்கன்னா கேட்டோம்?" என்று ஒருவர் கத்தினார்.

"எங்க சாமி சார் இது. நாங்க கும்புடுற சாமி."

வந்திருந்த அதிகாரி மரியாதையான மனிதர். கையில் என் உறை இருந்தது. "எல்லா ஊர்லயும் எடுக்கும்போது இப்படித்தான் சொல்வாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னை லாரிப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டார்: "சார், நீங்க நேர்ல பாத்து எழுதினவர். வழிபாட்டுல இருக்கிற சாமியா இருந்தா நாங்க கை வைக்க மாட்டோம். இருந்த இடத்துலயே வேலி போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவோம். இங்க பூசை நடக்குதா?"

ஒரு சொல் போதும். நடக்கிறது என்றால் சிலை அங்கேயே இருக்கும். அப்புறம் கேட்பாரற்று என்று ஏன் எழுதினாய் என்பார்கள். படத்தில் ஏன் எதுவும் இல்லை என்பார்கள். அந்த உறைக்காக எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தருவதாகப் பேச்சிருந்தது. ஓய்வு பெறும் நேரத்தில் விசாரணை, விளக்கக் கடிதம் என்று நிற்க நேரும். கூட்டத்தின் முன்வரிசையில் வேலம்மாள் நின்றார். "சார், நீங்க பாத்தீகளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"முறையா எதுவும் நடந்ததா எனக்குத் தெரியலை" என்று அதிகாரிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

'முறையா' என்ற சொல்லைச் சேர்த்ததால் அது பொய்யில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்தான்.

வைக்கோலுக்குள் வைத்து, சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டார்கள். லாரி கிளம்பும்போது வேலம்மாள் வீட்டிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "இதையாச்சும் கட்டி அனுப்புங்கய்யா. போற எடத்துல நாலு பேரு பாப்பாக." அதிகாரி தலையசைத்தார். சுமைக்காரர்கள் சாக்குக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். வேலம்மாள் அப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சரவணக்குமார், வாசகம் எழுதும் முறையைக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படம் எடுக்கப் போனால் எதையும் கழுவச் சொல்லாதீர்கள். எழுதிய வாசகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எகிப்தில் தண்ணீர் வேறு வழி விடவில்லை, கோயிலை நகர்த்தினார்கள். நம் ஊர்ச் சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு வேலி, ஒரு தடுப்புச் சுவர், ஒரு தடை உத்தரவு போதும். பரிதாபம் வர வேண்டும் என்று எழுதினால், பரிதாபப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான், உக்காந்தசாமி போன பிறகு அந்த ஊரில் என்ன ஆயிற்று என்று நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. மாசி மாதம். திருச்சுழியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் பேச்சுக்காரர்.

"எம் பேரு உக்காந்தான் சார். சாமி பேரு. பேருக்கேத்த வேலையாக் குடுத்துட்டாரு, நாள்பூரா உக்காந்தே இருக்கேன்."

அந்தச் சாமி இப்போது எங்கே என்று தெரியாதவன்போலக் கேட்டேன்.

"போயிட்டாக சார். எங்க வேலம்மா சித்திதான் காரணம். எவனோ ஒரு போட்டோக்காரன் கேட்டான்னு அவுக வேட்டிய அவுத்துட்டு வெயில்ல உக்கார வச்சுட்டாக. மானமுள்ள சாமி சார். அதுக்கப்புறம் இந்த ஊர்ல இருப்பாகளா? கெளம்பிட்டாக."

"கொண்டுபோனது அதிகாரிங்கதானே?"

"கொண்டுபோனது அவுகதான். போகணும்னு நெனச்சது சாமியில்ல? அந்த வருசமே பருத்தியில காய்ப்புழு. காடு காடாப் போச்சு. இப்பல்லாம் முதல் பருத்தி வைக்கையில சித்திய யாரும் கூப்புடுறதில்ல. பொங்கலுக்கும் அவுக பானை தனியாத்தான்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்வாக? தொடச்சது நாந்தான்னு ஒத்துக்கிட்டாக."

எவனோ ஒரு போட்டோக்காரன் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ஊர் வந்ததும் இறங்கினான்.

வேலம்மாள் காட்டில் தனியாகப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "தபாலாபீஸ் சார்தானே? இளச்சுட்டீகளே" என்று சொல்லித் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சொல்லை எழுதினேன், மேலதிகாரி கேட்டபோது என்ன சொன்னேன், லாரிக்கு முன்னால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று. அவர் செடியிலிருந்து கையை எடுக்கவில்லை. காய் காயாகப் பருத்தியை உருவி மடியில் போட்டபடியே கேட்டார்.

"அப்ப அவுக கோவிச்சுக்கிட்டுப் போகலயா?"

"இல்லம்மா. நான் எழுதுனதால கொண்டுபோனாங்க. கேட்டப்ப நான் சொல்லாததால கொண்டுபோனாங்க. நீங்க தொடச்சதால இல்ல."

அவர் கை நின்றது.

"அன்னிக்கி நான் கண்ணத் தொறந்துட்டேன் சார். கையில இருந்த பருத்திய எடுக்கயில, கீழ விழுந்துரும்னு ஒரு இமை நேரம் பாத்துட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அதுக்குத்தான் போயிட்டாகன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் ஒரு சின்னத்தைக் காப்பாற்றினேன் என்று வீட்டில் பாராட்டுப் பத்திரம் மாட்டியிருந்த ஆண்டுகள் முழுவதும், இந்தப் பெண் இந்த நினைப்போடு இந்தக் காட்டில் இருந்திருக்கிறார்.

சிலையைத் திரும்பக் கேட்டு எழுதுவதாகச் சொன்னேன். நடந்ததையெல்லாம் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். ஊருக்குத் திரும்பியதும் அனுப்பியும் விட்டேன். இதை எழுதும் வரை பதில் இல்லை. வரும் என்று யாருக்கும் நான் நம்பிக்கை கொடுக்கவில்லை. வேலம்மாளுக்கும் அன்று அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

"அவுகளக் கொண்டாரது உங்களால ஆகுமோ ஆகாதோ. எம் பேரக் கொண்டாரது ஆகும்ல? நாளைக்குக் காலையில முதல் பருத்தி வைக்க ஊர் கூடுது. வந்து சொல்லுங்க."

அன்றிரவு திருச்சுழியில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் போனேன். வெறும் பீடத்தின் முன் ஊர் கூடியிருந்தது. பீடத்தின் மேல் ஒரு பித்தளைத் தட்டு. வேலம்மாள் கூட்டத்துக்கு வெளியே, கருவேல மரத்தடியில் நின்றார். ஆட்டோ ஓட்டும் உக்காந்தான் என்னைக் கண்டு, "ஏலே, நேத்து நம்ம வண்டியில வந்த சாருடா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய், நான் யார் என்று சொல்லி, பேச அனுமதி கேட்டேன்.

பேசினேன். உத்தியோகத்தில் பழகிய தமிழ் அது. தபால்தலைக்கான வாசகத்தில் தவறான சொல் இடம்பெற்றுவிட்டது, வழிபாடு பற்றிய விவரம் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை, அதன் காரணமாகச் சிலை கொண்டுசெல்லப்பட்டது, அதற்காக வருந்துகிறேன் என்றேன்.

கூட்டத்தில் சலசலப்பு. "என்னய்யா சொல்றாரு?" "ஏதோ அச்சுல தப்பு வந்துருச்சாம்." "அதுக்கா இம்புட்டு தூரம் வந்தாரு?"

மரத்தடியிலிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "இன்னொருக்கா சொல்லுங்க சார். ஆரு எழுதுனது, ஆரு சொன்னதுன்னு சேத்துச் சொல்லுங்க. இந்தக் கோடியில நிக்கிறவுகளுக்கு வெளங்கல."

மறுபடி சொன்னேன். "நான்தான் அந்தப் போட்டோக்காரன். வேட்டியை எடுக்கச் சொன்னது நான். எண்ணெயைக் கழுவச் சொன்னது நான். இந்த அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. லாரி நிக்கும்னு சொல்லிச் செய்ய வச்சேன். நீங்க எல்லாரும் கும்பிடுற சாமின்னு தெரிஞ்சே, கேட்பாரில்லாமக் கிடக்குன்னு எழுதினேன்."

பின்னாலிருந்து ஒருவர், "இத்தன வருசமா என்ன செஞ்சீக?" என்று கேட்டார். "பென்சன் வாங்குனாக" என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய பேச்சுதான்.

பெரியவர் மரத்தடிப் பக்கம் திரும்பி, "வேலம்மா, அங்க ஏன் நிக்கிற? முன்னால வா தாயி. நீ எடுத்து வையி" என்றார். கூட்டம் விலகி வழிவிட்டது.

வேலம்மாள் நகரவில்லை. என்னைப் பார்த்தபடியே சொன்னார்.

"இருங்க மாமா. சார் இன்னும் முடிக்கல."

எதை விட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"கொண்டுபோக வந்தவர் இதே இடத்துல எங்கிட்ட கேட்டார், பூசை நடக்குதான்னு. நடக்குதுன்னு சொல்லியிருந்தா விட்டுட்டுப் போயிருப்பார்" என்றேன். "எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."